தக்கனின் வேள்வியும் பாலனின் மழுவும்

சைவ சித்தாந்த சாத்திரங்களில் முழுக்க முழுக்க ஐயங்களாலேயே ஆன நூல் ஒன்று உண்டு. உமாபதி சிவம் தம் ஆசிரியர் மறைஞான சம்பந்தரை முன்னிறுத்திக் கேட்ட வினாவெண்பா. குருவிடம் குடைந்து கேட்பது அபசாரம் ஆகாது என்பதற்கு அந்த நூலே சாட்சி. அந்தத் துணிவில் எழுதியது இது. குருவாக வருகிறவர் மடத்தில் சாத்திரம் கேட்டு, கல்லூரியில் தத்துவம் நடத்தி ஓய்ந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீடன் அவரிடம் சிவஞான சித்தியார் பாடம் கேட்பவன். ஒரு பாட்டை முழுதாகச் சொல்லி முடிக்க விடமாட்டான்.

சீடன்: ஐயா, கங்கைகொண்ட சோழபுரத்தில் சண்டேச அனுக்கிரக மூர்த்தியைப் பார்த்துவிட்டு வந்தேன். சிவன் அமர்ந்திருக்கிறார், பக்கத்தில் உமை. கீழே கைகூப்பியிருக்கும் பிள்ளையின் தலையில் மாலையைச் சுற்றிவிடுகிறார். ராசேந்திரன் காலத்துச் சிற்பி அந்தக் கைக்குக் கொடுத்திருக்கும் கனிவு இருக்கிறதே, நகர மனம் வரவில்லை. அப்புறம்தான் யோசித்தேன், மாலை எதற்கு? தகப்பன் காலை வெட்டியதற்கு.

குரு: பூசையை இடறிய காலை.

சீடன்: இடறியது பால்குடத்தைத்தானே ஐயா. மண்ணியாற்றங்கரை மணலில் இலிங்கம் பிடித்து, மேய்க்கிற மாடுகளின் பாலை ஊற்றிக்கொண்டிருந்தான் பையன். ஊரார் புகார் சொல்லி, தகப்பன் எச்சதத்தன் வந்து பார்த்து, அடித்து, குடத்தை உதைத்தான். கிடந்த கோலை எடுத்தான் மகன், அது மழுவாயிற்று, இரண்டு காலும் போயின. உடனே சிவன் தோன்றி, இனி உனக்கு நானே தந்தை என்கிறார். எனக்குப் பிளேட்டோ எழுதிய யூதிஃப்ரோ நினைவுக்கு வந்தான். அவனும் தகப்பனுக்கு எதிராகக் கிளம்பியவன்.

குரு: நல்ல இணைதான். அந்தக் கதையையும் முழுதாகச் சொல், பார்ப்போம்.

சீடன்: நக்சோஸ் தீவில் அவர்கள் நிலம். கூலியாள் ஒருவன் குடித்துவிட்டு வீட்டு அடிமை ஒருவனைக் கொன்றுவிட்டான். யூதிஃப்ரோவின் தகப்பன் அவனைக் கைகால் கட்டிப் பள்ளத்தில் போட்டுவிட்டு, இவனை என்ன செய்வது என்று கேட்டுவர ஏதென்ஸுக்கு ஆள் அனுப்பினான். ஆள் திரும்புவதற்குள் பசியிலும் குளிரிலும் கூலியாள் இறந்துபோனான். தகப்பன்மேல் கொலை வழக்குப் போட வந்த மகனைத்தான் சாக்ரடீஸ் வழியில் மடக்குகிறார். தெய்வங்களுக்குப் பிடித்தது புனிதம் என்கிறான் அவன். தெய்வங்களுக்குப் பிடித்ததால் அது புனிதமா, புனிதமாக இருப்பதால் தெய்வங்களுக்குப் பிடித்ததா என்று இவர் கேட்கிறார். யூதிஃப்ரோவாவது செத்துப்போன ஒரு கூலியாளுக்காக நின்றான். நம் பிள்ளை நின்றது ஒரு குடம் பாலுக்கு.

குரு: கோபத்தோடு பேசுகிறாய், சரி. கேள்வியை நம் ஊர் வழக்கில் வைத்துக்கொள்வோம். சிவன் மாலை சூட்டியதால் அந்த வெட்டு அறமா, அறம் என்று கண்டு சிவன் மாலை சூட்டினாரா? முதலாவதைச் சொன்னால் அறத்துக்குக் காரணம் இல்லாமல் போகும். நாளைக்கு அவர் களவுக்கும் மாலை போடலாம். இரண்டாவதைச் சொன்னால் அறம் அவருக்கு முன்னாலேயே இருக்கிறது. அவரும் நம்மைப் போல அதைப் பார்த்து நடக்கிறவர்.

சீடன்: இரண்டும் வேண்டாம் என்றவர்கள்தான் மூன்றாவதாக ஒன்று சொன்னார்கள். அறத்தின் வேர் இறைவனின் ஆணையிலும் இல்லை, அவனுக்கு வெளியேயும் இல்லை. அவன் இயல்பிலேயே இருக்கிறது என்று.

குரு: ஆணைதான் எல்லாம் என்று நின்றவர்களும் இருந்தார்கள். பத்தாம் நூற்றாண்டில் இஸ்லாமிய இறையியலார் அல் அஷ்அரி அப்படி நின்றார். அவர் விட்டு விலகிய முஃதஸிலாக்கள் நல்லது கெட்டதை அறிவே காணும் என்றார்கள். மீமாம்சை வகுத்த ஜைமினியின் வழியினருக்குத் தர்மத்தைச் சொல்ல வேதம் போதும், கடவுளே வேண்டாம். அதெல்லாம் உனக்குத் தெரிந்த பாடம். இந்த இயல்பு என்ற பதிலைப் பிடி. அது நேர்த்தியான பதில்தானே? அவன் அருளாகவே இருக்கிறான். ஆகவே கொடுமையை ஏவ அவனால் ஆகாது. அவனுக்கு மேலே ஒரு சட்டமும் இல்லை. இரண்டு கொம்பிலும் குத்துப்படாமல் நடுவில் நுழைந்தாயிற்று.

சீடன்: வில்லியம் ஆல்ஸ்டன் என்ற அமெரிக்கர் இதற்கு மீட்டர் கட்டையை உவமை காட்டினார். பாரிஸ் பக்கத்தில் பிளாட்டினம் இரிடியம் கலந்த ஒரு கட்டை பாதுகாப்பில் இருந்தது. ஒரு மீட்டர் என்பது அதன் நீளம். அந்தக் கட்டை ஏன் ஒரு மீட்டர் என்று கேட்டால் பதில் கிடையாது, அளவே அதுதான். அதுபோல அன்பும் நீதியும் ஏன் நல்லவை என்றால், இறைவன் அப்படி இருப்பதால். இறைவன் ஏன் நல்லவன் என்று கேட்கக் கூடாது, அளவே அவன்தான்.

குரு: உனக்கு அது பிடிக்கவில்லை.

சீடன்: 1960இல் அந்தக் கட்டையைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள் ஐயா. கிரிப்டான் அணு விடும் ஒளியின் அலைநீளத்தை வைத்தார்கள். 1983இல் அதையும் மாற்றி ஒளியின் வேகத்தை வைத்தார்கள். நீளம் என்ற ஒன்று உலகத்தை விட்டுப் போய்விடவில்லை. கட்டை வருவதற்கு முன்பும் ஒரு துணி இன்னொன்றைவிட நீளமாகத்தான் இருந்தது. கட்டையை நிறுத்தியவர்கள் ஒரு வசதிக்காக நிறுத்தினார்கள். இறைவனை அப்படி வசதிக்காக நிறுத்திய அளவுகோல் என்று நீங்களே ஒப்புக்கொள்ள மாட்டீர்கள்.

குரு: மாட்டேன். அந்த உவமையை விட்டுவிடு, ஆல்ஸ்டனுக்கே அது முழுச் சுமை தாங்காது. நம் நூலுக்கு வா. இயல்பு என்கிறார்களே, இறைவனின் இயல்பு என்னென்ன?

சீடன்: எண்குணம். குறள் உரையில் பரிமேலழகர் சைவாகமத்தைக் காட்டி எட்டும் சொல்கிறார். தன்வயத்தனாதல், தூய உடம்பினனாதல், இயற்கை உணர்வு, முற்றும் உணர்தல், இயல்பாகவே பாசங்களின் நீங்குதல், பேரருள், முடிவில்லா ஆற்றல், வரம்பில்லா இன்பம்.

குரு: இந்த எட்டில் எத்தனை அறத்தைப் பற்றியவை?

சீடன்: (கொஞ்சம் யோசித்து) பேரருள் ஒன்றுதான். மீதி ஏழும் அவன் எப்படி இருக்கிறான் என்பதைச் சொல்கின்றன, பிற உயிரிடம் எப்படி நடக்கிறான் என்பதைச் சொல்லவில்லை.

குரு: ஆக, இறைவன் இயல்பில் அறம் வேர்கொண்டிருக்கிறது என்று ஒருவன் சொல்லும்போது அவன் எட்டையும் சொல்வதில்லை. ஆறாவதை எடுத்து வைத்துக்கொண்டு பேசுகிறான். முடிவில்லா ஆற்றலை ஒருவன் பின்பற்றப் புறப்பட்டால் அவனை நாம் சான்றோன் என்போமா?

சீடன்: இரணியன் என்போம். நான் சொல்ல வந்ததும் இதுதான் ஐயா. எட்டில் எது அறத்துக்கு ஆதாரம் என்று பொறுக்கியெடுக்கும்போதே அறம் எது என்று நமக்குத் தெரிந்திருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. குறளில் வரும் எண்குணத்தானைச் சமணர்கள் தங்கள் அருகன் என்றுதான் கொள்கிறார்கள். அவர்களுடைய எட்டு வேறு. கடையிலா அறிவு, கடையிலாக் காட்சி, கடையிலா ஆற்றல், கடையிலா இன்பம், பிறகு பெயரும் கோத்திரமும் ஆயுளும் இல்லாமை, அழியாமை. அதில் அருள் கிடையாது. உலகைப் படைப்பதும் இல்லை, யாருக்கும் வினைப்பயன் கொடுப்பதும் இல்லை. ஆனால் எறும்பு மிதிபடாமல் நடக்க வேண்டும், இருட்டிய பின் உண்ணக் கூடாது என்கிற அளவுக்குக் கொல்லாமையைக் கடைப்பிடித்தவர்கள் யார்? அவர்கள்தானே. தெய்வத்தின் இயல்பில் அருள் இல்லாமலே அருளறம் அங்கே நின்றிருக்கிறது.

(இந்த இடத்தில் பெரும்பாலான மேடைகளில் பேச்சு சமணரைக் கழுவேற்றிய கதைக்குத் திரும்பிவிடும். நல்ல வேளையாக நம் குரு மேடைப் பேச்சாளர் அல்லர்.)

குரு: நல்ல அடி. ஆனால் அடி யார்மேல் விழுகிறது என்று பார். சமணத்தில் கொல்லாமைக்கு என்ன ஆதாரம்?

சீடன்: உயிர். எல்லா உயிரும் வாழ விரும்புகிறது, எல்லா உயிருக்கும் வலிக்கிறது.

குரு: அந்த உயிரை யார் படைத்தார்கள்?

சீடன்: யாரும் படைக்கவில்லை. அநாதி.

குரு: சைவத்தில்?

சீடன்: அங்கும் அநாதிதான். பதி, பசு, பாசம் மூன்றுக்கும் தொடக்கம் இல்லை. உடம்பையும் உலகையும் போகத்தையும் இறைவன் தருகிறான், உயிரை அவன் படைக்கவில்லை.

குரு: இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார். அல் அஷ்அரியோ ஆல்ஸ்டனோ, அவர்கள் கொண்ட இறைவன் ஒன்றுமில்லாததிலிருந்து எல்லாவற்றையும் படைத்தவன். படைப்புக்கு முன்னால் அவனைத் தவிர வேறெதுவும் இல்லை. அந்தக் கணக்கில் அறத்துக்கு ஆதாரம் தேடினால் அவனுக்குள்ளேதான் தேட வேண்டும். அவன் சித்தமா, அவன் இயல்பா என்ற சண்டை மட்டும்தான் மிச்சம். நம் கணக்கு அப்படியில்லை. இறைவன் கண் திறந்து பார்க்கும்போதே, பேச்சுக்குச் சொல்கிறேன், எதிரே ஓர் உயிர் ஆணவ இருளில் கிடக்கிறது. அவன் போட்ட இருளும் இல்லை. அந்தக் கிடப்பைக் கண்டு இரங்குவதற்குப் பெயர்தான் அருள். உயிர் என்று ஒன்று இல்லாவிட்டால் அருளுக்கு வேலையே இல்லை. ஆற்றலும் இன்பமும் தனியாக நிற்கும், அருள் தனியாக நிற்காது. ஆகவே அருள் ஏன் நல்லது என்று கேட்டால், அது சிவனுடையது என்பது முழுப் பதில் ஆகாது. அது அந்த உயிருக்கு வேண்டியதைச் செய்கிறது. சாக்ரடீஸ் கேட்ட கேள்வியில் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள், தெய்வமும் புனிதமும். வலிக்கிறவன் அதில் இல்லை.

சீடன்: இது உங்கள் சொந்தச் சரக்கா, நூலில் இருக்கிறதா?

குரு: அருணந்தி சிவம் சொல்கிறார், பதின்மூன்றாம் நூற்றாண்டில். சித்தியார் சுபக்கம், இரண்டாம் சூத்திரம். நல்வினைக்கும் தீவினைக்கும் இலக்கணம் கூறும் இடம். உயிர்க்கு உறுதி செய்வது இதம், செய்யாதது அகிதம் என்கிறார். சிவனுக்குப் பிடித்தது இதம் என்று தொடங்கவில்லை. இவற்றை இறைவன் ஏற்றுக்கொண்டு இன்பமாகவும் துன்பமாகவும் திருப்பிக் கொடுக்கிறான். அவனுக்கு என்ன வந்தது, ஏன் ஏற்கிறான் என்ற கேள்வியையும் அவரே எழுப்புகிறார். உயிர்கள்மேல் அவன் வைத்த நேசம்தான் காரணம் என்கிறார். வரிசையைக் கவனித்தாயா? முதலில் உயிரின் நன்மை. அப்புறம் இறைவனின் நேசம். அதற்கப்புறம் தண்டனையும் பரிசும்.

சீடன்: கவனித்தேன் ஐயா. அதே சூத்திரத்தில் சில பாட்டுகள் தள்ளிப் போனால் இன்னொன்று வருவதையும் கவனித்தேன்.

குரு: (சிரித்து) அதற்குத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தாயா?

சீடன்: அரன் பாதத்தை மறந்து செய்யும் அறமெல்லாம் வீண் என்று ஒரு பாட்டு. அவன்மேல் அன்பு வைத்தவர் செய்யும் பாவமும் அறமாகும், அன்பில்லாதவர் செய்யும் புண்ணியமும் பாவமாகும் என்று இன்னொன்று. அதற்கு எடுத்துக்காட்டு, தக்கன் செய்த பெரிய வேள்வி தீமையாய் முடிந்தது, பாலன் செய்த பாதகம் நன்மையாயிற்று. அந்தப் பாலன் யார்? கங்கைகொண்ட சோழபுரத்துச் சுவரில் மாலை சூடிக்கொண்டிருக்கிறானே, அவனேதான். முதலில் உயிர்க்கு உறுதி என்றவர், பக்கம் புரளுவதற்குள் சிவன்மேல் அன்பு என்கிறார். எச்சதத்தனும் ஓர் உயிர்தானே? அவன் காலுக்கு என்ன உறுதி செய்யப்பட்டது?

குரு: பெரியபுராணம் அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. எச்சதத்தனும் பிழை நீங்கிச் சிவலோகம் போகிறான்.

சீடன்: எனக்கு அது கணக்கை நேர்செய்வதற்காகப் பிறகு எழுதிய வரவு மாதிரி இருக்கிறது.

குரு: எனக்கும் சில நாள் அப்படித்தான் தோன்றும். ஆனால் சேக்கிழார் அதை எழுத வேண்டும் என்று நினைத்தாரே, அதைப் பார். சிவனுக்காகச் செய்தது என்பதே போதும் என்றால் தகப்பன் என்ன ஆனான் என்று அவர் கவலைப்பட்டிருக்க வேண்டாம். வெட்டுப்பட்டவன் கணக்கையும் தீர்க்காமல் புராணத்தை முடிக்க அவருக்கு மனம் வரவில்லை. திருக்களிற்றுப்படியாரும் இப்படித்தான் தடுமாறுகிறது. பூசை, தொண்டு போன்றவற்றை மெல்வினை என்று ஒரு பக்கம் வைத்துவிட்டு, சண்டேசர் செய்ததையும் சிறுத்தொண்டர் செய்ததையும் வல்வினை என்று வேறாகப் பிரிக்கிறது. இரண்டும் சிவதன்மம் என்றுதான் சொல்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பிரித்து வைக்க வேண்டியிருந்திருக்கிறது. உறுத்தாத ஒன்றைத் தனியே எடுத்து வைப்பார்களா?

சீடன்: உறுத்தியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு பாட்டும் ஒரே நூலில் இருக்கின்றன. எதை வைத்து எதை அளப்பது?

குரு: முறையாகப் பாடம் சொல்கிறவர்கள் ஒரு வழி காட்டுவார்கள். அன்பு முற்றினால் நான் செய்கிறேன் என்பது போய்விடும். செய்பவன் இல்லாதபோது வினை ஒட்டாது என்பார்கள். ஆழமான பேச்சு, நான் மறுக்கவில்லை. ஆனால் அது வெட்டியவனுக்கு வினை ஒட்டுமா என்ற கேள்விக்குத்தான் பதில். வெட்டியது சரியா என்பது வேறு கேள்வி. அதனால் நான் இப்படிச் செய்கிறேன். இதம் அகிதம் என்ற பாட்டு இலக்கணம் சொல்கிறது. பாலன் பாதகம் என்ற பாட்டு அன்பின் பெருமையைச் சொல்கிறது. இலக்கணத்தால் புகழ்ச்சியை அளக்கலாம். புகழ்ச்சியால் இலக்கணத்தைத் திருத்தப் போனால், கையில் மழு வைத்திருக்கும் எவனும் நான் அன்பன் என்பான்.

சீடன்: அப்படியென்றால் நூலுக்கு மேலே உங்கள் தீர்ப்பை வைக்கிறீர்கள். இரண்டு பாட்டில் இது பெரிது, அது சிறிது என்று சொல்வது உங்கள் மனம்தானே?

குரு: என் மனம்தான். அந்த மனத்துக்கு எது வெளிச்சம் என்று கேட்டால் நான் சிவன் என்பேன். உயிர் தானாக அறியாது, அவன் உடனிருந்து காட்டிக் காண வேண்டும் என்பது நம் சித்தாந்தம். காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று படித்திருக்கிறாய்.

சீடன்: அந்த உபகாரம் சமணனுக்கும் உண்டா?

குரு: அவனுக்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும்? உயிர் என்றால் எல்லா உயிரும்தான். எறும்பை விலகி நடந்தவனுக்குக் காட்டியதும் அவனே என்பேன்.

சீடன்: சமணன் ஒப்புக்கொள்ள மாட்டான்.

குரு: வேண்டாமே. அவன் ஒப்புக்கொண்டால்தான் எறும்பு பிழைக்குமா? இதைத்தான் நீ தனித்தனியாகப் பிரித்துப் பிடிக்க வேண்டும். நல்லது எதனால் நல்லது என்பது ஒரு கேள்வி. அதை நாம் எப்படி அறிகிறோம் என்பது இன்னொன்று. அதைச் செய்ய நமக்கு எங்கிருந்து தெம்பு வருகிறது என்பது மூன்றாவது. அறத்தின் வேர் இறைவன் என்று வீசிச் சொல்கிறவர்கள் மூன்றையும் ஒரே வாயில் போட்டு மெல்கிறார்கள். முதலாவதுக்கு நான் உயிரைக் காட்டுவேன். மற்ற இரண்டுக்கும் சிவனைக் காட்டுவேன். வடலூரில் 1867இல் தருமசாலை திறந்து அடுப்பு மூட்டினாரே இராமலிங்க அடிகள், அவர் சீவகாருணியத்தைச் சொன்னபோது தொடங்கிய இடம் பசி. பசித்தவன் வயிற்றிலிருந்து தொடங்கிக் கடவுள் அருளில் கொண்டுபோய் முடித்தார். அந்தத் திசை எனக்குச் சரியாகப் படுகிறது.

சீடன்: கடைசியாக ஒன்று. சண்டேசர் கதையில் சிவன் ஏவவில்லை, நடந்த பிறகு மெச்சினார். சிறுத்தொண்டர் கதையில் அவரே வந்து கேட்கிறார். வயிரவக் கோலத்தில் திருச்செங்காட்டங்குடிக்கு வந்து, ஒரு குடிக்கு ஒரே மகனாக இருக்கும் ஐந்து வயதுப் பிள்ளை வேண்டும், தாய் பிடிக்கத் தந்தை அரிய வேண்டும், இருவரும் மனம் உவந்து கறி சமைக்க வேண்டும் என்கிறார். உயிர்க்கு உறுதி என்ற உங்கள் இலக்கணத்தில், அப்படி அரியப்பட்ட அவர் மகன் சீராளன் எங்கே இருக்கிறான்?

குரு: எங்கும் இல்லை. அவனை யாரும் கேட்கவில்லை.

சீடன்: அழைத்ததும் பள்ளியிலிருந்து வருவது போல ஓடி வந்தானே என்பார்கள்.

குரு: ஓடி வந்தான். வருவான் என்று தெரிந்து யாரும் அரியவில்லை. தெரிந்திருந்தால் அது சோதனையே இல்லை. ஆகையால் திரும்பி வந்ததைக் காட்டி அரிந்ததைச் சரி என்று சொல்ல எனக்கு வாய் வராது. நான் வகுப்பில் அந்தப் புராணத்தைப் பாடுவேன், அந்தப் பெற்றோர் எதையும் தமக்கென்று பிடித்து வைக்கவில்லை என்பதைச் சொல்வேன், அங்கேயே நிறுத்திக்கொள்வேன்.

சீடன்: நாளைக்கு அப்படி ஒருவர் உங்கள் வாசலில் வந்து நின்றால்?

குரு: வந்தவன் சிவன் அல்லன் என்று முடிவு கட்டிக் கதவைச் சாத்துவேன். ஆபிரகாம் கதையை வைத்துக் காண்ட் 1798இல் இதையேதான் எழுதினார். மகனைக் கொல்லக் கூடாது என்பது எனக்கு உறுதி, பேசுகிற நீ கடவுள் என்பது உறுதியில்லை என்று ஆபிரகாம் சொல்லியிருக்க வேண்டுமாம்.

சீடன்: வந்தவர் உண்மையிலேயே சிவனாக இருந்துவிட்டால்?

குரு: சித்தியார் சொன்ன நேசம் உண்மையானால் சாத்திய கதவைக் கண்டு அவருக்கு வருத்தம் இராது.

சீடன்: சிறுத்தொண்டருக்குக் கிடைத்தது உங்களுக்குக் கிடைக்காதே ஐயா?

குரு: கிடைக்காதுதான். நான் நாயன்மார் வரிசைக்கு விண்ணப்பம் போட்டவன் இல்லை. நீ அந்தத் தக்கன் வேள்விப் பாட்டை எடு. சிவஞான முனிவர் உரையோடு படி. அவர் எந்தச் சொல்லில் நின்று அதைச் சமாளிக்கிறார் என்று கண்டுபிடித்துவிட்டு வா, அங்கே உனக்கும் எனக்கும் இன்னொரு சண்டை இருக்கிறது.